ஓட்டோ கியர் ஒயில் லைன்: இரும்பு பைப்பா, ரப்பர் ஹோஸா? வான் நிக்கிறது கடலுக்குக் கிட்ட

உப்புவெளி_வான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் திருகோணமலை உப்புவெளி. ஹயர் ஓடுற வான் ஒண்டு வச்சிருக்கிறன்: ரொயோட்டா கே.டி.எச். ஹையேஸ், டீசல், ஓட்டோ கியர். வைகாசியில இருந்து புரட்டாதி மட்டும் நிலாவெளி, புறாத்தீவு எண்டு வெளிநாட்டுக்காரரோட ஓட்டம். மற்ற மாதங்களில கட்டுநாயக்கா, கண்டி, கோயில் யாத்திரை எண்டு வாறதை எடுப்பன். வீட்டில அஞ்சு பேர் சாப்பிடுறது இந்த வானாலதான். அதால கொஞ்சம் விரிவா எழுதுறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

மாசி மாதம் சீகிரியாவில இருந்து ஒரு குடும்பத்தை ஏத்திக்கொண்டு வந்தனான். ஹபரணை தாண்டி கந்தளாய் கிட்டவா வரேக்க கியர் மாறுறது பிந்தத் தொடங்கிச்சு. எஞ்சின் இரையுது, வான் இழுக்குதில்லை. ஓரமா நிப்பாட்டிக் குனிஞ்சு பார்த்தால் கியர்பொக்ஸ் பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒயிலில ரோட்டுப் புழுதி ஒட்டி, குங்குமத்தைக் குழைச்சு அப்பின மாதிரிக் கிடந்தது. கந்தளாய்க் கடையொண்டில ஒயில் வாங்கி ஊத்தி, நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்து, ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து சேர்ந்தன். பின்சீற்றில சின்னப் பிள்ளையள் ரெண்டும் நித்திரை. அந்த நாலு மணித்தியாலம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஓட்டை எங்க எண்டால், கியர் ஒயிலை ஆத்திறதுக்காகக் கியர்பொக்ஸில இருந்து ரேடியேற்றருக்குப் போற ரெண்டு இரும்பு பைப்பில ஒண்டில. பைப்பைப் பிடிச்சிருக்கிற கிளிப்புக்கு உள்ள, ரப்பர் புஷ்ஷுக்குக் கீழ. புஷ்ஷை விலத்தினால் கறள் தகடு தகடா உரிஞ்சு கையோட வருது, நடுவில ஊசி முனை அளவு துவாரம். மற்ற இடமெல்லாம் பைப் நல்லா இருக்கு.

ரவுணில ஒரு கராஜில குடுத்தன். பழுதான துண்டை ஒரு சாண் வெட்டி எடுத்துப்போட்டு, இடையில ரப்பர் ஹோஸ் வச்சு ரெண்டு பக்கமும் கிளிப் போட்டுத் தந்தவை. மூண்டு மாசம் ஓடிச்சு. போன கிழமை விடிய வானை எடுக்கப் போனால், கீழ மணலில சாப்பாட்டுக் கோப்பை அளவில சிவப்பு வட்டம். ஹோஸைத் தொட்டுப் பார்த்தன். ஊறின அப்பளம் மாதிரி மெதுமெதுவெண்டு ஊதிப் போயிருந்தது. கையால இழுத்தாலே கழண்டு வந்திரும்.

இப்ப ஒருத்தர் சொல்லுறார், கியர்பொக்ஸில இருந்து ரேடியேற்றர் மட்டும் முழுக்க ரப்பர் ஹோஸ் போடு, கறளே பிடிக்காது எண்டு. இன்னொருத்தர் சொல்லுறார், ரப்பரை நம்பாத, முழுக்க இரும்பில செய் எண்டு. ரெண்டு பேரும் எனக்கு வேண்டப்பட்டவை, ரெண்டு பேரும் வேலை தெரிஞ்சவை. ரீகண்டிசன் பைப் ஒண்டு கொழும்பில பழைய சாமான் விக்கிற பஞ்சிகாவத்தையில கிடைக்குமாம், ஆனால் அதுவும் எத்தினை வருசம் எங்க நிண்ட வண்டியின்ர எண்டு தெரியாது. வானை மாத்திற கதையே இல்லை. 2020 பங்குனியில இறக்குமதியை நிப்பாட்டினதில இருந்து ஏறின விலை, 2025இல திறந்தும் எங்கட கைக்கு எட்டுற மாதிரி இறங்கேல்ல. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் வேணும்.

அனுபவப்பட்டவை சொல்லுங்கோ. எது சரி?

சந்தி_ரவுன்ஏஸ்:

வணக்கம் அண்ணை. நான் திருமலை அநுராதபுரச் சந்தியில நிக்கிறன். என்ர ரவுன்ஏஸ் வானுக்கு முழுக்க ஹோஸ்தான் போட்டது, ரெண்டு வருசம் தாண்டீற்றுது, ஒரு சொட்டும் இல்லை. ஆனால் ஒண்டு, நான் போட்டது ஓட்டோ கியர் ஒயிலுக்கெண்டே விக்கிற ஹோஸ், கொழும்பில இருந்து எடுப்பிச்சது. உங்களுக்குப் போட்டது அது இல்லை எண்டு படிச்ச உடனேயே விளங்குது. வேற ஹோஸை வச்சு ரப்பரே கூடாது எண்டு முடிவெடுக்காதேங்கோ.

பழைய_பாஸ்:

தம்பி, உங்கட ரெண்டு ஆக்களும் ஒரே பிழையை விடுகினம். இரும்பா ரப்பரா எண்டு கேட்டால் பதில் வராது. எந்த இடத்தில இரும்பு, எந்த இடத்தில ரப்பர் எண்டு கேக்க வேணும். நாப்பது வருசத்துக்கு மேல கராஜில நிண்டவன். இப்ப கண் சரியில்லை, வேலை செய்யிறதில்லை. அதால எழுதுறதையாவது வடிவா எழுதுறன்.

உங்கட வானைச் செய்தவனே ரெண்டையும்தான் வச்சிருக்கிறான். கியர்பொக்ஸை ஒட்டி ஓடுற நீட்டு முழுக்க இரும்பு. ரேடியேற்றர் கிட்ட வந்த உடன சின்ன ரப்பர் துண்டு. ஏன்? எஞ்சினும் கியர்பொக்ஸும் ரப்பர் மவுண்டில நிக்கிற சாமான். டீசல் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணேக்கயும் நிப்பாட்டேக்கயும் எப்பிடி உலுப்புது எண்டு சீற்றைத் தூக்கிப் பாருங்கோ. ரேடியேற்றர் பொடியோட இறுக்கினது, அசையாது. அசையிறதுக்கும் அசையாததுக்கும் நடுவில இரும்பை நேரா இறுக்கினால், ஒண்டில் பைப் முனையில வெடிக்கும், இல்லாட்டி ரேடியேற்றரின்ர தொட்டியில இருக்கிற மூட்டு வெடிக்கும். அதால முழுக்க இரும்பு எண்ட கதையை விடுங்கோ.

முழுக்க ரப்பர் எண்டதுக்கும் வாறன். இந்த லைனில அமுக்கம் பெரிசில்லை. பிரேக் பைப்புக்குள்ள இறுக்கி மிதிச்சால் ஆயிரம் பி.எஸ்.ஐ. தாண்டும், இதில சாதாரண ஓட்டத்தில அதில பத்தில ஒரு பங்கும் வராது. அதனால நல்ல ஹோஸ் அமுக்கத்துக்குத் தாங்கும், சந்தித் தம்பி சொன்னது பொய்யில்லை. பிரச்சினை சூடு. எஞ்சின் சுத்திறதை ஒயிலால கியர்பொக்ஸுக்குக் கடத்திற டோர்க் கொன்வேட்டருக்குள்ள ஒயில் அடிபட்டுச் சுழண்டு வெளிய வாற இடம்தான் ஆகச் சூடு, அங்க இருந்து நேர இந்த லைனுக்குத்தான் வருது. சாதாரணமா ஒயில் 80, 95 பாகைக்குள்ள நிக்கும். ஆள் ஏத்திக்கொண்டு மலை ஏறினால் 120ஐத் தாண்டும். அதோட சைலன்சர் பைப்பின்ர சூடும் வெளியில இருந்து சேரும். இந்த வானில எஞ்சின் சீற்றுக்குக் கீழ, எல்லாம் நெருக்கி நெருக்கிக் கிடக்கு. மீற்றர்க் கணக்கில ரப்பர் ஓடினால் எங்கயோ ஒரு இடத்தில தொங்கும், எங்கயோ உராயும், எங்கயோ மடியும். மடிஞ்சால் ஒயில் ஓட்டம் குறையும். அது வெளியில ஒழுகாது, ஒரு அடையாளமும் காட்டாது, கியர்பொக்ஸைத்தான் அவிக்கும். நான் பயப்பிடுறது ஒழுக்கை விட இதுக்குத்தான்.

உங்களுக்குப் போட்ட ஹோஸ் ஹீட்டருக்கோ ரேடியேற்றர் தண்ணிக்கோ உரிய ஹோஸாத்தான் இருக்க வேணும். தண்ணிக்குச் செய்யிற ரப்பர் வேற இனம். சுடு தண்ணியை வருசக்கணக்கா தாங்கும், ஒயில் பட்டால் குடிச்சு ஊதும். கடையில கேக்கேக்க ஒயில் ஹோஸ் எண்டு மட்டும் கேட்டால் காணாது. ஹோஸின்ர முதுகில அச்சடிச்சிருக்கிறதை வாசியுங்கோ. ஓட்டோ கியர் ஒயில் கூலருக்கு எண்டே ஒரு நியமம் இருக்கு, எஸ்.ஏ.ஈ. ஜே1532. அந்த எழுத்து இருக்க வேணும். பெற்றோல் டீசல் ஹோஸும் இதுக்கு இல்லை. கொஞ்சக் காலம் தாங்கும், பிறகு உள்தோல் கருகி வெடிக்கும், உதிருற துகள் கூலரின்ர சின்ன வழியளில போய் அடைக்கும்.

இனி என்ர கதை ஒண்டு சொல்லுறன், இதை எங்கயும் எழுதினதில்லை. வேலை பழகின புதிசில ஒரு ஆசிரியரின்ர கார் வந்தது, இதே மாதிரிக் கறள் பிடிச்ச லைன். இரும்பை வளைக்கிறது கஷ்டம் எண்டு ஃப்ரிஜ்ஜுக்குப் பாவிக்கிற செப்புக் குழாயை வளைச்சுப் போட்டன். வளைச்ச வடிவைப் பார்த்து எனக்கே பெருமை. செம்பு உப்புக்குக் கறள் பிடிக்காதுதான். ஆனால் நடுக்கத்தில கிடக்கக் கிடக்க இறுகிக்கொண்டே போகும், திருப்பித் திருப்பி வளைச்சு முறியிற கம்பி மாதிரி. ஆறு மாசத்தில மூட்டடியில வட்டமா வெடிச்சு, மனுசன் மனுசியை ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியில நிண்டுபோனார். கியர்பொக்ஸ் எரிஞ்சுபோச்சு. ஒரு சொல் பேசேல்ல அவர். நான் அதுக்குப் பிறகு இந்த லைனில செம்பு தொட்டதில்லை. உங்களுக்கும் யாரும் செம்பு எண்டு சொல்லுவினம், கேளாதேங்கோ.

என்ன செய்ய வேணும் எண்டால், கறள் பிடிச்ச பைப் ரெண்டையும் புதுசா இரும்பில செய்விச்சு, ரேடியேற்றர்ப் பக்கம் முந்தி இருந்த அளவில மட்டும் சரியான ரப்பர். முதல்ல ரெண்டு விசயம் பார்த்துச் சொல்லுங்கோ. கம்பனி பைப் முனையில சின்ன மேடு ஒண்டு வளையம் மாதிரி இருக்கோ? கராஜ்காரர் வெட்டின இடத்தில அது இருக்கோ? மற்றது, சைலன்சர் பைப்புக்கும் இந்த லைனுக்கும் இடையில எவ்வளவு இடம்?

உப்புவெளி_வான்:

ஐயா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு மெத்த நன்றி. ஆசிரியரின்ர கதையை மனுசிக்கும் வாசிச்சுக் காட்டினன்.

பார்த்தன். ரேடியேற்றர்ப் பக்கம் கம்பனி பைப் முனையில மேடு இருக்கு, விரலால தடவினால் தெரியுது. கராஜில வெட்டின இடத்தில ஒண்டுமில்லை, வாள் வெட்டு வெறும் முனை, அதுவும் கோணல். ஹோஸை அதில தள்ளிக் கிளிப்பை இறுக்கி விட்டிருக்கினம். கிளிப் பட்டையில இருக்கிற வெட்டுக்குள்ளால ரப்பர் பிதுங்கி, கத்தியால கீறின மாதிரி வரிசையா அடையாளம். சைலன்சரில இருந்து கிட்டத்தட்ட நாலு விரல் இடம் இருக்கு, ஒரு வளைவில மட்டும் ரெண்டு விரல்.

வெட்டி எடுத்த பழைய துண்டை எறியாம வச்சிருந்தனான். இண்டைக்கு அதை நீட்டுவாக்கில பிளந்து பார்த்தன். உள்பக்கம் புதுசு மாதிரி மினுங்குது, ஒரு கறள் புள்ளி இல்லை. வெளியில இருந்துதான் தின்டிருக்கு.

இன்னொண்டு. நிலாவெளியில ஆக்களை இறக்கினால் வானை வந்த உடன கழுவிறனான், ஒரு நாளும் விட்டதில்லை. அப்பிடியிருந்தும் ஏன் இப்பிடி?

கிண்ணியா_லேத்:

அஸ்ஸலாமு அலைக்கும். பெரியவர் சொன்னது நூத்துக்கு நூறு. உங்கட கடைசிக் கேள்விக்கு நான் ஒண்டு கேக்கிறன்: எந்தத் தண்ணியில கழுவுறீங்க? உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கிணத்துத் தண்ணியை வாயில விட்டாலே தெரியும். அதால கழுவினால் மணல் போகும், உப்பு போகாது. காயக் காய இன்னும் கொஞ்சம் சேரும். குழாயில வாற கந்தளாய்த் தண்ணியால அடிங்க.

அதோட கிளிப்புக்குள்ள இருக்கிற ரப்பர் புஷ். அது பைப் உராயாம இருக்கப் போட்டது, ஆனால் எங்கட கரையில அதுக்குள்ள ஈர மணல் போய் உக்காந்தால் காயவே காயாது. எங்கட ஊர்ப் போட்டுகளிலயும் இதே கதைதான். வெறுமனே காத்துப் படுற பைப் வருசக்கணக்கா நிக்கும், பட்டி போட்டு இறுக்கின இடம்தான் முதல்ல உதிரும். எங்க பிடிச்சிருக்கோ அங்கதான் பார்க்கணும்.

இப்ப பைப் விசயம். நான் இது நிறையச் செய்து குடுத்திருக்கன், அதனால சொல்லுறன். பழைய பைப் ரெண்டையும் இதுக்கு மேல வெட்டாமக் கழட்டிக் கொண்டு வாங்க. கழட்டுறது கஷ்டமெண்டு நடுவில வெட்டி எடுப்பாங்க, பிறகு வளைவெல்லாம் கண் மதிப்புக்குத்தான் செய்யலாம். பழைய பைப்தான் எனக்கு அச்சு. ஏற்கெனவே போன ஒரு சாணுக்கு நூல் பிடிச்சு அளவு எடுத்துக்கொள்ளுவன்.

வளைக்கிறதுக்கு வளைவுக் கருவி இருக்கு. இல்லாத இடத்தில பைப்புக்குள்ள மணல் இறுக்கி வளைப்பாங்க. இந்த வேலைக்கு அது வேண்டாம். எவ்வளவு கழுவினாலும் ஒரு குறுணி மணல் நிண்டு, கியர்பொக்ஸின்ர வால்வுக்குள்ள போனால் அவ்வளவுதான். வெட்டுறதும் வாளால இல்லை, உருட்டி வெட்டுற கட்டரால. வாள் வெட்டினால் பொடி உள்ள விழும்.

முனையில அந்த மேடு கட்டாயம் எழுப்பித் தருவன். எட்டு மில்லிமீற்றர் பைப்புக்கு எட்டு மில்லிமீற்றர் உள் அளவு ஹோஸ். இறுக்கமா வரும், அந்த ஒயிலையே கொஞ்சம் தடவித் தள்ளுங்க. மேட்டைத் தாண்டி ஒரு இஞ்சியாவது ஏறணும். கிளிப்பை மேட்டுக்கு மேல வைக்கக் கூடாது, மேட்டைத் தாண்டின பக்கம் வைக்கணும். அப்பதான் ஹோஸ் வழுக்கிற நேரம் மேடு தடுக்கும். பட்டையில ஓட்டை இல்லாத, உள்பக்கம் வழுவழுப்பான கிளிப் கேளுங்க. இல்லாட்டி கம்பனி வில்லுக் கிளிப் புதுசு போடுங்க. சூட்டில ரப்பர் இளகினாலும் வில்லுக் கிளிப் கூடவே இறுக்கிக்கொண்டு வரும்.

வெள்ளிக்கிழமை கடை பூட்டு. மற்ற நாள் எண்டைக்கும் வரலாம்.

ஸ்காபரோ_திருமலை:

வணக்கம். பிறந்து வளர்ந்தது திருமலையில, பள்ளிக்கூடம் முடிய மட்டும் அங்கதான். இப்ப கனடாவில ஸ்காபரோவில ஒரு கராஜில வேலை. உங்கட கதையை வாசிக்க எனக்கு இங்கத்தை மாசி, பங்குனி மாதம் ஞாபகம் வந்தது. இங்க கடல் இல்லை, ஆனால் பனிக்கு ரோட்டெல்லாம் உப்பு கொட்டுவினம். பத்து வருச வாகனத்தைத் தூக்கினால் பிரேக் பைப்பும் கியர் ஒயில் பைப்பும் உங்கட துண்டு மாதிரியேதான், கிளிப்புக்கு உள்ள தின்டிருக்கும். லேத்காரர் சொன்னதை எட்டாயிரம் மைலுக்கு மேல தள்ளி ஒவ்வொரு நாளும் பார்க்கிறன்.

ஒண்டு மட்டும் சேர்க்கிறன். பெரியவர் செம்பு வேண்டாம் எண்டவர், அது சரி. ஆனால் செம்போட பத்து வீதமளவில நிக்கல் கலந்த பைப் எண்டு ஒண்டு இருக்கு, அது வேற சாமான். வெளிப் பார்வைக்குச் செம்பு மாதிரி, கொஞ்சம் வெளிறின நிறம். உப்புக்கு அசையாது, நடுக்கத்துக்கும் லேசில வெடிக்காது, கையாலயே வளைக்கலாம். 1970களிலேயே வொல்வோ பிரேக் பைப்புக்குப் பாவிக்கத் தொடங்கீற்றுது. நாங்கள் இங்க கறள் பிடிச்ச பைப் மாத்தினால் அதுதான் போடுறது. கொழும்பில பிரேக் சாமான் விக்கிற பெரிய கடையளில விசாரிச்சுப் பாருங்கோ, கிடைச்சால் யோசிக்காம வாங்குங்கோ. கிடைக்காட்டி இரும்பில செய்து, வெளியில நல்ல பெயின்ற் அடிச்சுப் போடுங்கோ.

நடுவில பித்தளை நட்டு இறுக்கி மூட்டுற ஒட்டுக்கு யாரும் கேட்டால் ஓம் எண்டாதேங்கோ. வீட்டுத் தண்ணிக் குழாய் நடுங்கிறதில்லை. வண்டியில இது கொஞ்ச நாளில இளகும்.

இன்னும் ஒரு முக்கியமான விசயம். கந்தளாயில ஒயில் குறைஞ்சு ஓடினதெண்டு எழுதினீங்கள். பழைய ஒயிலை மோந்து பார்த்தீங்களோ? எரிஞ்ச மணம் வந்தால் புது பைப்பைப் பூட்டிப் பழைய ஒயிலோட ஓடாதேங்கோ. ரேடியேற்றர்த் தொட்டிக்குள்ள இருக்கிற கூலரையும் கழுவி ஊதிப்போட்டுத்தான் பூட்ட வேணும். ரேடியேற்றர் மூடியைத் திறந்து தண்ணியையும் பாருங்கோ. அங்க பாலில றோஸ் சிரப் கலந்த மாதிரி இருந்தால் பைப் கதை முடிஞ்சுது, கூலர் உள்ளுக்க வெடிச்சிட்டுது, தண்ணி கியர்பொக்ஸுக்குள்ள போகும். கிளட்ச் தட்டுகளில ஒட்டியிருக்கிறதையெல்லாம் உரிச்சுப்போடும். அப்பிடி இருக்காது எண்டு நம்புறன், ஆனால் பார்க்காம விடாதேங்கோ.

உப்புவெளி_வான்:

ரேடியேற்றர்த் தண்ணி சுத்தம், பச்சையாத்தான் இருக்கு. பார்க்கிற மட்டும் நெஞ்சு அடிச்சது. ஒயிலில எரிஞ்ச மணம் இருக்கு, நிறமும் கருஞ்சிவப்பு. மாத்தப் போறன்.

கிண்ணியாத் தம்பி, கிணத்துத் தண்ணி விசயத்தில தலையில அடிச்ச மாதிரி இருக்கு. எட்டு வருசமா ஒவ்வொரு நாளும் கிணத்தில அள்ளி அள்ளி உப்பால கழுவியிருக்கிறன். வாற திங்கள் பைப்போட வாறன்.

உப்புவெளி_வான் (மூண்டு கிழமைக்குப் பிறகு):

வேலை முடிஞ்சுது. பிறகு யாருக்காவது உதவும் எண்டு எழுதி வைக்கிறன்.

நிக்கல் கலந்த பைப் தேடினன். கொழும்பில ஒரு சினேகிதன் நாலு கடை ஏறி இறங்கினவன், ஒரு இடத்தில இருந்தது, எனக்குத் தேவையான நீளத்துக்குக் காணேல்ல. காத்திருக்க ஏலாது, ஹயர் பதிஞ்சு வச்சிருந்தன். அதால இரும்புதான்.

பழைய பைப்பைக் கழட்ட அரை நாள் போச்சு. கியர்பொக்ஸ் பக்கத்து நட்டுக்கு முதல் நாளே மண்ணெண்ணெயும் ஒயிலும் விட்டு ஊற வச்சனான், அப்பிடியும் அசையேல்ல. திறந்த வாய்ச் சாவியால திருகினால் நட்டின்ர மூலை மழுங்குது. பிரேக் பைப்புக்குப் பாவிக்கிற, நட்டைச் சுத்திப் பிடிக்கிற சாவி ஒண்டு பக்கத்து வீட்டுப் பொடியன் தந்தவன், அதாலதான் வந்தது. ரெண்டு பைப்பையும் மச்சானின்ர ஓட்டோவுக்கு மேல கட்டினால் வளைஞ்சிடும் எண்டு பயந்து, உள்ளுக்க மடியில வச்சுக்கொண்டு கிண்ணியாப் பாலம் தாண்டினன். பிள்ளை பிடிச்ச மாதிரிப் பிடிச்சிருந்தன்.

லேத்காரர் சொன்ன மாதிரியே செய்தவர். பழைய பைப்பை மேசையில வச்சு, ஒவ்வொரு வளைவையும் சோக்கால குறிச்சு, புதுசை அதுக்கு மேல வச்சு வச்சுப் பார்த்தவர். கடைசியில ரெண்டையும் ஒண்டுக்கு மேல ஒண்டு வைக்க, எது பழசு எண்டு கறளை வச்சுத்தான் சொல்லலாம். முனை மேட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லித் தந்தவர். பெயின்ற் ரெண்டு தரம் அடிச்சு, ஒரு நாள் வெயிலில காய விட்டுத் தந்தவர்.

கிளிப்புகளுக்கு ரப்பர் புஷ் புதுசு போட்டனாங்கள், ஆனால் பிளவு கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி வச்சு, உள்ளுக்க கிறீஸ் நிரப்பி. தண்ணி போனாலும் கீழால வழிய வேணும் எண்டு அவரின்ர யோசனை. ரெண்டு விரல் இடம் இருந்த வளைவை இந்த முறை நாலு விரலா விலத்தியே வளைச்சவர். ரேடியேற்றர்ப் பக்கம் மட்டும் ஒரு முழத்துக்கும் குறைஞ்ச ஹோஸ் ரெண்டு, முதுகில ஜே1532 எண்டு வெள்ளையில அச்சடிச்சது. சந்தித் தம்பிதான் தன்னட்ட மிஞ்சியிருந்த துண்டைத் தந்தவர், காசும் வாங்கேல்ல.

பூட்ட முன்னம் கூலருக்குள்ள புது ஒயில் விட்டுக் காத்தடிச்சம். முதல்ல வந்தது கோப்பி நிறம், மூண்டாம் தரம்தான் சிவப்பு. பிறகு திரும்பி வாற லைனை ஒரு போத்தலுக்குள்ள விட்டு ஓட்டம் பார்த்தம். 30 செக்கனுக்குள்ள ஒரு லீற்றர் வந்தால் நல்லம் எண்டு பழைய பாஸ் ஐயா தொலைபேசியில சொன்னவர். எங்களுக்கு 26 செக்கனில நிரம்பிச்சு, நான் ரெண்டு தரம் எண்ணினன். டிப்ஸ்டிக்கில எழுதியிருக்கிற அதே வகை ஒயில்தான் விட்டது. சூடேறின பிறகு, சம தரையில நிப்பாட்டி, கியர்த் தடியை ஒவ்வொரு இடத்துக்கும் கொண்டு போய்த் திருப்பி 'பி' (பார்க்) இல விட்டு, எஞ்சின் ஓட ஓட லெவல் பார்த்தம்.

முந்தநாள் பத்துப் பேரோட கண்டி போய் வந்தன். மாத்தளை ஏத்தத்தில கியர் மாறினதே தெரியேல்ல. திரும்பி வரேக்க கந்தளாயில அதே இடத்தில நிப்பாட்டிக் குனிஞ்சு பார்த்தன், பழக்கமாப் போச்சு. வீட்டுக்கு வந்து குழாய்த் தண்ணியால அடிச்சன். ராத்திரி வானுக்குக் கீழ வெள்ளைக் கார்ட்போட் மட்டை விரிச்சு விட்டனான், விடிய எடுத்துப் பார்த்தால் ஒரு சொட்டுமில்லை. எல்லாருக்கும் நன்றி.

பழைய_பாஸ்:

நல்ல செய்தி தம்பி. ஹோஸ் முதல் சூட்டில கொஞ்சம் படியும், வாற ஞாயிறு எஞ்சின் குளிர்ந்த பிறகு கிளிப் நாலையும் கால் சுத்து இறுக்கிப் பாருங்கோ, அதுக்கு மேல வேண்டாம். கார்ட்போட்டை எடுக்காதேங்கோ. மாரி முடியிற மட்டும் கிடக்கட்டும்.